203–0: ஜிஎஸ்டி சட்டத்துக்குப் பின்னால் இருந்த பேரம்

நொய்யல்கரை:

2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5, 18-க்குள் வந்துவிட்டன. எல்லாக் குழுக்களிலும் விலைப் பேச்சுதான் ஓடுகிறது. கார் எவ்வளவு குறைந்தது, சோப்பு எவ்வளவு குறைந்தது என்று. எனக்கு வேறொன்றைப் பேச வேண்டும். இந்த வரி முதலில் எப்படிச் சட்டமானது?

2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் அரசியல் சாசனத் திருத்தம் 203 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. அதிமுக மட்டும் வெளிநடப்பு செய்தது. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நாடே ஒருமித்து வரவேற்ற சட்டம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒருமித்த முகம் உருவாக எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பாருங்கள். வாஜ்பாய் ஆட்சியில், 2000-ல், மேற்கு வங்க நிதியமைச்சர் அசிம் தாஸ்குப்தா தலைமையில் குழு போட்டார்கள். பாஜக பிரதமர், மார்க்சிஸ்ட் கட்சி நிதியமைச்சரிடம் பொறுப்பைக் கொடுத்தார். 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம், 2010 ஏப்ரல் 1 முதல் ஜிஎஸ்டி என்று தேதி குறித்தார். அந்தத் தேதி வந்தது, போனது. 2011 மார்ச்சில் பிரணாப் முகர்ஜி 115-ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மோடி முதல்வராக இருந்த குஜராத்தும், மத்தியப் பிரதேசமும் கடுமையாக எதிர்த்தன. யஷ்வந்த் சின்கா தலைமையிலான நிலைக்குழுவுக்குப் போய், 2013-ல் அறிக்கை வந்து, 2014-ல் மக்களவை கலைந்ததோடு மசோதா காலாவதியானது.

அப்புறம் ஆட்சி மாறியது. 2014 டிசம்பரில் அருண் ஜேட்லி 122-ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். இப்போது தடுப்பது காங்கிரஸின் முறை.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், எதிர்க்கட்சியில் இருந்தால் எதிர்ப்பார்கள், ஆளுங்கட்சியானால் ஆதரிப்பார்கள் என்பது. அது பாதி உண்மைதான். என் பார்வையில் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது ஒரே ஒரு வாக்குறுதி: ஐந்து ஆண்டுகளுக்கு வருவாய் இழப்பை முழுமையாக ஈடுசெய்வோம் என்று மத்திய அரசு கொடுத்த உத்தரவாதம். வரி விதிக்கும் உரிமையை மாநிலங்கள் நிரந்தரமாகக் கொடுத்தன. பதிலுக்குக் கிடைத்தது ஐந்தாண்டுப் பணம். இந்தப் பேரத்தை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவோமா?


புதியவள்:

நல்ல இழை அண்ணா. அடிப்படைக் கேள்வி ஒன்று. 2014-ல் பாஜகவுக்கு மட்டுமே மக்களவையில் 282 இடங்கள். தனிப் பெரும்பான்மை. பிறகு ஏன் இரண்டு ஆண்டு இழுத்தது? மாநிலங்களவை தடுத்தால் இரு அவைகளையும் சேர்த்து உட்கார வைத்து நிறைவேற்றலாமே. 2002-ல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை அப்படித்தானே நிறைவேற்றினார்கள்?


சட்டமேசை:

பொடா சாதாரணச் சட்டம், அதனால் கூட்டுக் கூட்டம் கூட்ட முடிந்தது. ஜிஎஸ்டிக்கு அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டியிருந்தது. 108-ஆவது பிரிவின் கூட்டுக் கூட்டம் சாசனத் திருத்தத்துக்குப் பொருந்தாது. 368-ஆவது பிரிவின்படி இரண்டு அவைகளும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும்.

ஏன் திருத்தம் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஏற்பாட்டில், தொழிற்சாலையில் பொருள் உற்பத்தியாகும்போது கலால் வரி மத்திய அரசுக்கு. அதே பொருள் கடையில் விற்கப்படும்போது விற்பனை வரி மாநிலத்துக்கு. சேவைகளுக்கான வரி மத்திய அரசுக்கு. கடையில் நடக்கும் விற்பனைக்கு மத்திய அரசு வரி போட முடியாது. சேவைக்கு மாநிலம் போட முடியாது. ஒரே பரிவர்த்தனைக்கு இருவரும் வரி போட வேண்டுமென்றால் அந்த எல்லைக்கோட்டையே அழிக்க வேண்டும். அதற்காகத்தான் 246ஏ என்ற புதிய பிரிவு வந்தது.

அந்த நேரத்தில் மாநிலங்களவையில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்குப் பெரும்பான்மையே கிடையாது. பெரிய கட்சி காங்கிரஸ். 2015 மே 6 அன்று மக்களவையில் 352-க்கு 37 என்று நிறைவேறிய மசோதா, மாநிலங்களவை வாசலில் நின்றுவிட்டது. பூபேந்தர் யாதவ் தலைமையில் தேர்வுக் குழு, ஜூலையில் அறிக்கை, அதற்குப் பிறகும் ஓராண்டு.


தில்லித்தமிழ்:

அந்த ஓராண்டில் தில்லியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தாமதத்துக்கு வரிக் கொள்கை மட்டும் காரணமில்லை. 2015 மழைக்காலக் கூட்டத்தொடர் லலித் மோடி விவகாரத்தில் முழுகிப்போனது. குளிர்காலக் கூட்டத்தொடரை நேஷனல் ஹெரால்டு வழக்கு விழுங்கியது. இரண்டுக்கும் ஜிஎஸ்டிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் அவை நடக்கவில்லை என்றால் மசோதாவும் நகராது.

காங்கிரஸ் வெளிப்படையாக வைத்த கோரிக்கைகள் மூன்று. வரி 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சாசனத்திலேயே எழுத வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 1 சதவீதக் கூடுதல் வரி என்ற பிரிவை எடுக்க வேண்டும். தகராறுகளைத் தீர்க்கச் சுயேச்சையான அமைப்பு வேண்டும். 2015 நவம்பர் 27 அன்று மோடி, சோனியாவையும் மன்மோகன் சிங்கையும் தேநீருக்கு அழைத்துப் பேசினார். ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் அந்த அழைப்பு போனது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றும் முடிவு வரவில்லை. சில நாட்களில் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் குழு அறிக்கை கொடுத்தது. 1 சதவீதத்தைக் கைவிடச் சொன்னது, ஆனால் சாசனத்தில் வரி உச்சவரம்பு எழுதுவதை ஏற்கவில்லை. இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பிடி கிடைத்தது.

கடைசியில் காங்கிரஸை நகர்த்தியது தேநீர் இல்லை, தனிமை. 2016 ஜூன் 14 அன்று கொல்கத்தாவில் மாநில நிதியமைச்சர்கள் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் திரிணமூல் கட்சியின் அமித் மித்ரா. கூட்டம் முடிந்து வந்த ஜேட்லி, தமிழ்நாடு தவிர ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஆதரிக்கின்றன என்றார். மேற்கு வங்கம், பீகார், உத்தரப் பிரதேசம், கேரளம் எல்லாம் வாங்கிப் பயன்படுத்தும் மாநிலங்கள். சரக்கு எங்கே நுகரப்படுகிறதோ அங்கே வரி போய்ச் சேரும் என்பதுதான் ஜிஎஸ்டியின் அடிப்படை. மோடியைக் கடுமையாக எதிர்த்த மம்தாவும் நிதீஷும் இடதுசாரிகளும் ஆதரித்ததற்குக் காரணம் அவரவர் கஜானா. மாநிலக் கட்சிகள் எல்லாம் ஒரு பக்கம் போனபின் காங்கிரஸ் மட்டும் நின்று தடுத்தால் பழி அவர்கள் தலையில் விழும். ஜூலை கடைசியில் மத்திய அமைச்சரவை 1 சதவீதத்தை எடுத்தது. இழப்பீடு தரலாம், அது ஐந்து ஆண்டு வரை இருக்கலாம் என்று இருந்ததை, ஐந்து ஆண்டுக்குத் தந்தே ஆக வேண்டும் என்று மாற்றியது. ஒரே வாரத்தில் மசோதா நிறைவேறியது. 18 சதவீத உச்சவரம்பு சாசனத்தில் ஏறவே இல்லை.


வடபழனி:

எல்லாரும் அதிமுக வெளிநடப்பை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். அந்த அவையில் மாநில உரிமை என்ற சொல்லை உரக்கச் சொன்ன கட்சி அது ஒன்றுதான்.

தமிழ்நாடு உற்பத்தி மாநிலம். ஓசூரில், ஸ்ரீபெரும்புதூரில், திருப்பூரில் செய்து வெளியே அனுப்புகிறோம். பழைய முறையில் வெளிமாநில விற்பனைக்கு மத்திய விற்பனை வரி இருந்தது. பெயர்தான் மத்திய வரி, வசூல் உற்பத்தி மாநிலத்துக்கே. ஜிஎஸ்டியில் அது பூஜ்யம். தொழிற்சாலைக்கு நிலம், தண்ணீர், சாலை, மின்சாரம் எல்லாம் நாம் கொடுக்கிறோம். கார் பாட்னாவில் விற்றால் வரி பீகாருக்கு. ஆண்டுக்கு 9,270 கோடி ரூபாய் நிரந்தர இழப்பு வரும் என்று ஜெயலலிதா கணக்கோடு மத்திய அரசிடம் சொன்னார். உற்பத்தி மாநிலத்துக்கு ஒரு பங்கு நிற்க வேண்டும் என்றார். பெட்ரோலியமும் மதுவும் வெளியே இருக்க வேண்டும் என்றார். மாநில சட்டமன்றத்துக்கு மேலே, மத்திய, மாநில அமைச்சர்கள் உட்கார்ந்து வரி விகிதம் முடிவு செய்யும் ஒரு கவுன்சிலா என்று கேட்டார். இதில் எது தவறு?

காங்கிரஸ் எடுக்கச் சொன்ன அந்த 1 சதவீதம் யாருக்காகப் போடப்பட்டது என்று தெரியுமா? குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலங்களுக்காக. இரண்டு ஆண்டுக்கான சின்ன ஆறுதல். அதையும் பறித்துத்தான் 203 வந்தது.


புதியவள்:

அப்படியானால் குஜராத்தும் மகாராஷ்டிரமும் ஏன் சும்மா இருந்தன?


தில்லித்தமிழ்:

2016-ல் இரண்டிலும் பாஜக ஆட்சி. பிரதமரின் மசோதா. குஜராத் ஐந்தாண்டுக்கு முன் சொன்ன அதே வாதத்தை அந்த ஆண்டு திரும்பச் சொல்ல அங்கே யாரும் இல்லை.


கல்லுரல்:

தில்லி அரசியல் எனக்கு அவ்வளவு தெரியாது. கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறை என்னுடையது. புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. அதன் வரி எப்படி ஆடியது என்று மட்டும் சொல்கிறேன், நீங்கள் பேசும் கவுன்சில் எப்படி வேலை செய்கிறது என்று புரியும்.

2017 ஜூலையில் கல் கிரைண்டருக்கு 28 சதவீதம். ஆடம்பரப் பொருட்களோடு அதே அடுக்கில். இட்லி மாவு அரைக்கும் வீட்டுக்கு இது ஆடம்பரமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். நவம்பரில் கவுகாத்தி கூட்டத்தில் 178 வகைப் பொருட்களை 28-லிருந்து 18-க்கு இறக்கினார்கள். கிரைண்டரை நேராக 12-க்கு. அந்த அறிவிப்பில் 28-லிருந்து 12-க்கு இறங்கியவை இரண்டே இனம்: கல் கிரைண்டர், ராணுவ டாங்கி. பிறகு 5 ஆனது. 2022 ஜூலை 18-ல் திடீரென்று 18. ஐந்து ஆண்டில் நான்கு விகிதம்.

ஒவ்வொரு முறை மாறும்போதும் என்ன நடக்கும் தெரியுமா? டீலரிடம் இருக்கும் சரக்கு பழைய விகிதத்தில் பில் போட்டது. புது விகிதம் வந்த அன்றே அவர் போன் போடுவார். வித்தியாசத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பார். ஒரு பெரிய கடை எனக்குத் தர வேண்டிய பணத்தில் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே தீர்த்தது. மோட்டார், ஸ்டீல் டிரம், கல் எல்லாவற்றுக்கும் வெவ்வேறு விகிதம். நான் வாங்கும்போது கட்டுவது 18, விற்கும்போது வசூலிப்பது 5 என்றால், நடுவில் உள்ள பணம் அரசிடம் போய் உட்கார்ந்துகொள்ளும். திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட்டு, அது வரும்வரை வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கூலி கொடுக்க வேண்டும்.

பழைய காலத்தில் சென்னையில் வணிகவரி அமைச்சரைப் பார்த்தால் விகிதத்தைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். பட்ஜெட்டுக்கு முன் சங்கத்துக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். இப்போது அமைச்சரே போய் இன்னொரு கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். என் கணக்கு இதுதான்: மசோதா நிறைவேறிய அன்று எங்களுக்கு என்ன போனது என்றால், மனு கொடுக்கப் போகும் இடம் போனது.


நொய்யல்கரை:

கல்லுரல் ஐயா, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நன்றி.

வடபழனிக்கு என் பதில். ஜெயலலிதா வைத்த நோய்க்கணிப்பு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். வாதம் வெளிநடப்பைப் பற்றியது. நீங்கள் எதிர்த்து வாக்களித்திருந்தால் பதிவேட்டில் எதிர்ப்பு என்று ஏறியிருக்கும். வெளியே போனதால் 203-க்கு எதிரே பூஜ்யம் என்றே வரலாறு சொல்கிறது. ஐந்து நாள் கழித்து மக்களவையில் 443-க்குப் பூஜ்யம். அங்கேயும் அதிமுக வெளிநடப்பு. அன்று 37 எம்பிக்கள் வைத்திருந்த கட்சி, மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சி, தன் ஆட்சேபத்தைப் பதிவேட்டில் ஒரு எண்ணாகக்கூட விட்டு வரவில்லை.

இதற்கு முன்னோட்டம் ஒன்று இருக்கிறது. மதிப்புக்கூட்டு வரி (வாட்) வந்த கதை. பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரல் 1-ல் வாட்டுக்கு மாறின. வணிகர்கள் எதிர்த்தார்கள், அன்றைய அதிமுக அரசும் மறுத்தது. அப்போதும் மத்திய அரசு இழப்பீடு அறிவித்தது: முதல் ஆண்டு இழப்பில் 100 சதவீதம், இரண்டாம் ஆண்டு 75 சதவீதம், மூன்றாம் ஆண்டு 50. ஆட்சி மாறி, திமுக அரசு 2007 ஜனவரி 1-ல் தான் கொண்டுவந்தது. பெரும்பாலானவர்கள் மாறிய பின்னும் நாம் வெளியே நின்றோம், கடைசியில் மாறத்தான் செய்தோம். விதிகளை எழுதும் காலத்தில் மேசையில் உட்கார்ந்திருப்பது ஒன்று, எழுதி முடித்தபின் சேர்வது வேறு.


வடபழனி:

அண்ணா, எதிர்த்து வாக்களித்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? 203-க்கு எதிராக ஒரு சின்ன எண் பதிவாகியிருக்கும். மசோதா எப்படியும் நிறைவேறியிருக்கும். தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு, அது அவர்களிடம் இருந்தது.

மேசையில் உட்கார்ந்து பேசவில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நடக்கும் வணிகத்துக்கு வரி வசூலிக்கும் உரிமையைக் கடலோர மாநிலங்கள் போராடித்தான் வாங்கின. 2017 ஜனவரி 16 கூட்டத்தில் அது முடிவானது. 1.5 கோடிக்குக் கீழ் விற்றுமுதல் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை மாநில அதிகாரிகளே பார்ப்பார்கள் என்ற உடன்பாடும் அன்றுதான். அதில் தமிழ்நாட்டின் குரலும் இருந்தது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஜிஎஸ்டி கவுன்சிலின் முதல் கூட்டம் 2016 செப்டம்பர் 22, 23. ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது அதே செப்டம்பர் 22 இரவு. அதற்குப் பிறகு சென்னையிலிருந்து எந்த எதிர்ப்பும் பழைய சுருதியில் போகவில்லை. நீண்டகாலம் மறுத்துவந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட நவம்பர் 1-ல் சேர்ந்துவிட்டோம். 2017 ஜூனில் மாநில ஜிஎஸ்டி சட்டமும் சென்னையில் நிறைவேறியது. விகிதங்கள் பேரம் பேசப்பட்ட அந்த எட்டு ஒன்பது மாதங்களில் நம் மாநிலத்தில் மூன்று முதல்வர்கள். யார் எதைக் கேட்டு வாங்கியிருக்க முடியும்?


நொய்யல்கரை:

அந்தக் கடைசி வரி கனமானது. மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. பதிவேட்டைப் பற்றிய என் கருத்து மட்டும் அப்படியே நிற்கிறது.


மஞ்சள்மண்டி:

ஈரோட்டில் கணக்கு எழுதுகிறவன். இழப்பீட்டை யாராவது விரிவாகப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன், அதனால் நானே எழுதுகிறேன்.

மாநிலங்கள் ஏன் அந்த உத்தரவாதத்தைச் சட்டமாகவே கேட்டன? ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். ஜிஎஸ்டி வரப்போகிறது என்று சொல்லி மத்திய விற்பனை வரியை 2007-ல் 4-லிருந்து 3 ஆக்கினார்கள், 2008-ல் 2 ஆக்கினார்கள். இழப்பை ஈடுகட்டுவோம் என்றார்கள். ஜிஎஸ்டி வரவில்லை, இழப்பீடு பாதியில் நின்றது. ஜேட்லி வந்ததும் முதலில் செய்த வேலை, அந்தப் பழைய பாக்கியைப் பற்றிப் பேசித் தவணையில் கொடுக்க ஆரம்பித்தது. அது இல்லாமல் எந்த நிதியமைச்சரும் கதவைத் திறந்திருக்கமாட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து, ஆண்டுக்கு 14 சதவீதம் கூடிக்கொண்டே போகும் என்று வைத்துக்கொண்டு, குறைவதைத் தருவோம் என்பது சட்டம். 100 ரூபாய் வசூலித்த மாநிலத்துக்கு அடுத்த ஆண்டு 114, அதற்கடுத்து கிட்டத்தட்ட 130, மூன்றாம் ஆண்டு 148, இப்படி. பல மாநிலங்களின் சொந்த வசூல் அந்த வேகத்தில் வளர்ந்ததே இல்லை. தாராளமான வாக்குறுதி. ஏன் அவ்வளவு தாராளம்? கையெழுத்து வேண்டும், அதனால். பணம் மத்திய அரசின் பையிலிருந்தும் வரவில்லை. கார், புகையிலை, நிலக்கரி, குளிர்பானம் இவற்றின் மீது இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரி போட்டார்கள். அதாவது மாநிலங்களைச் சம்மதிக்க வைத்த செலவை சிகரெட் பிடிப்பவரும் கார் வாங்கியவரும் கட்டினார்கள்.

கொரோனா வந்ததும் செஸ் வசூல் விழுந்தது. 2020 ஆகஸ்ட் 27 கூட்டத்தில் நிர்மலா சீதாராமன் இது கடவுளின் செயல் என்றார், மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வழிகளைக் காட்டினார். சட்டத்தில் பெருந்தொற்றுக்கு விலக்கு எதுவும் கிடையாது. கேரளம், மேற்கு வங்கம், பஞ்சாப் கொதித்தன. அக்டோபரில் மத்திய அரசே மாநிலங்களுக்காகக் கடன் வாங்கச் சம்மதித்தது. அந்த ஆண்டு 1.1 லட்சம் கோடி, அடுத்த ஆண்டு 1.59 லட்சம் கோடி. அந்தக் கடனை அடைக்கத்தான் செஸ்ஸை 2026 மார்ச் வரை நீட்டித்தார்கள். இழப்பீடு மட்டும் 2022 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது.

நொய்யல்கரை சொல்வதை நான் முழுக்க ஆமோதிக்கிறேன். ஐந்தாண்டு முடிந்த மறுநாள் பழைய அதிகாரம் திரும்பி வரவில்லை. 2025-ல் விகிதங்களைக் குறைத்தபோது தமிழ்நாடு உட்பட எதிர்க்கட்சி ஆளும் எட்டு மாநிலங்கள் மீண்டும் இழப்பீடு கேட்டன. கிடைக்கவில்லை. ஏனென்றால் இந்த முறை யாருடைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் தேவைப்படவில்லை.


புதியவள்:

அப்படியானால் கவுன்சிலில் மாநிலங்கள் சேர்ந்து தடுக்க முடியாதா? வாக்குரிமை இருக்கிறதே.


சட்டமேசை:

முடியும், ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 279ஏ பிரிவின்படி மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக மத்திய அரசு வேண்டாம் என்றால் எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் நிறைவேறாது. மாநிலங்கள் தடுக்க வேண்டுமென்றால், சட்டமன்றம் உள்ள 31-ம் வந்து வாக்களிக்கும்போது, 12 சேர வேண்டும். எதிர்க்கட்சி மாநிலங்கள் எட்டு என்று மஞ்சள்மண்டி சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மாநிலங்களுக்குள்ளும் தமிழ்நாடும் கோவாவும் சம எடை. 2021 மே 28 அன்று முதல்முறையாகக் கவுன்சிலில் பேசிய பழனிவேல் தியாகராஜன் அதைத்தான் அநியாயம் என்றார். கோவா அமைச்சரோடு பெரிய வாக்குவாதமானது. அந்த இடத்தில் என் கருத்து வேறு. மக்கள்தொகைப்படி எடை போட்டால் உத்தரப் பிரதேசத்தின் கை ஓங்கும். தமிழ்நாட்டுக்கு அது இன்னும் பாதகமாகவே முடியும்.

நடைமுறையில் வாக்கெடுப்பே அபூர்வம். முதல் வாக்கெடுப்பு 2019 டிசம்பரில், லாட்டரி வரிக்காக. 21 மாநிலங்கள் ஒரு பக்கம், 7 மறுபக்கம், கேரளம் தோற்றது. 2022 மே 19 அன்று மோகித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்றது. பலர் கொண்டாடினார்கள். ஆனால் எந்த மாநிலமும் அதை நம்பித் தனி விகிதம் போடவில்லை. போட்டால் வெளிமாநில வரிக் கணக்கு, வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு எல்லாமே சிக்கிக்கொள்ளும்.


தில்லித்தமிழ்:

இதே நாட்டில், இதே நாடாளுமன்றத்தில், இன்னொரு பெரிய வரிச் சீர்திருத்தம் நிறைவேறிய விதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1961 வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம். 536 பிரிவுகள். 2025 பிப்ரவரியில் அறிமுகம், தேர்வுக் குழு, திரும்பப் பெறுதல், திருத்திய வடிவில் ஆகஸ்ட் 11 அன்று மீண்டும் தாக்கல். பீகார் வாக்காளர் பட்டியல் விவகாரத்தில் எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருக்க, அன்றே மக்களவையில் சில நிமிடங்களில் குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. மறுநாள் மாநிலங்களவை. மாநிலங்களின் சம்மதம் தேவையில்லாத வரி என்றால் வேகம் இப்படித்தான் இருக்கும்.

எனக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை. ஜிஎஸ்டிக்குப் பதினேழு ஆண்டு ஆனது என்று எல்லாரும் குறையாகச் சொல்கிறோம். அந்தப் பதினேழு ஆண்டில் 1 சதவீத வரி போனது, இழப்பீடு சட்டமானது, மதுவும் பெட்ரோலும் வெளியே நின்றன. எல்லாம் யாரோ ஒருவர் மறுத்ததால் கிடைத்தவை. 2017 ஏப்ரலில் ஜிஎஸ்டியின் நான்கு துணைச் சட்டங்களும் பண மசோதாக்களாக வந்தபோது மாநிலங்களவையால் ஒரு வரியைக்கூட மாற்ற முடியவில்லை. சிதம்பரம் முந்தைய ஆகஸ்ட்டிலேயே, அவற்றைப் பண மசோதாவாகக் கொண்டுவரக் கூடாது என்று ஜேட்லியிடம் உறுதி கேட்டார். உறுதி கிடைக்கவில்லை. வரி விகிதத்தையும் தண்டனையையும் சொல்லும் சட்டங்கள் அவைதானே?


கல்லுரல்:

சரி, அடுத்து பெட்ரோலையும் உள்ளே கொண்டுவருவார்கள் என்கிறார்களே. அதற்கும் இப்படி ஒரு பெரிய சண்டை நடக்குமா? என் வண்டி வாடகைக்கு அதுதான் முக்கியம்.


சட்டமேசை:

ஐயா, பெட்ரோலுக்குச் சாசனத் திருத்தமே தேவையில்லை. கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் ஏற்கெனவே சாசனத்தில் ஜிஎஸ்டிக்குள்தான் இருக்கின்றன. எந்தத் தேதியிலிருந்து என்று கவுன்சில் பரிந்துரைத்தால் போதும். மதுவுக்குத்தான் திருத்தம் வேண்டும், அதை வரையறையிலேயே விலக்கிவிட்டார்கள். 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் பெட்ரோல் பேச்சு வந்தது, கேரள உயர் நீதிமன்றம் பரிசீலிக்கச் சொன்னதால். இப்போது நேரமில்லை என்று கவுன்சில் முடித்துக்கொண்டது. மாநிலங்கள் மட்டும் மறுக்கின்றன என்று நினைக்காதீர்கள், மத்திய அரசின் கலால் வரியும் அதில் இருக்கிறது.


வடபழனி:

தேதி குறித்தால் போதும் என்பதுதான் பயமே. 12 மாநிலங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று நீங்களே மேலே கணக்குப் போட்டீர்கள். அந்தப் பன்னிரண்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.


மஞ்சள்மண்டி:

அந்தப் பேச்சு வரும் நாளில் மாநிலங்கள் முதலில் கேட்க வேண்டியது ஆண்டுக் கெடு இல்லாத இழப்பீடு. ஐந்தாண்டு என்று எழுதிய தாளில் இன்னொருமுறை கையெழுத்துப் போடக் கூடாது. கல்லுரல் ஐயாவின் டீசல் விலை குறைவதும் அவசியம்தான், அதற்கு மத்திய அரசு தன் செஸ்களை முதலில் குறைக்கட்டும். அவற்றில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது.